ஆவணிக் கடைசி முகூர்த்தம்

சூளைப் பகுதியின் கூண்டு மூடியிருந்தது.

சவரிராயன் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில் சுரங்கத்தின் கூரையிலிருந்து சதுரமாக வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தின் வழியாகத்தான் புகை ஏறிப்போகும். இன்று வெளிச்சம் இல்லை. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மேலே எங்கோ இரும்பில் முட்டி, வழி தெரியாமல் திரும்பி, எஞ்சினில் நின்ற இருவரின் தலைமேல் இறங்கியது.

“மூடி வச்சிகீறானுங்க,” என்றார் சவரிராயன். “திருட்டுப் பசங்க.”

தீயறைக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேதகிரி ஈரத்துணியை மூக்கின்மேல் இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்த எஞ்சினில் இருவரும் பல வருடங்களாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வேதகிரி டிரைவராக வேண்டிய சமயத்தில் அவருக்கு எதிராக ஒரு புகார் போனது. அதைக் கொடுத்தவர் சவரிராயன். அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காக வருந்தியதும் இல்லை.

சூரியப் புயலில் மின்மாற்றிகள் எரிந்துபோன பிறகு நகரத்துக்கு மிஞ்சியது கொஞ்சம் மின்சாரம்தான். அது ஆஸ்பத்திரிகளுக்கும் தண்ணீர் இறைக்கவும் சரியாக இருந்தது. டீசல் வருவது நின்றுவிட்டது. மின்ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. மேலே சாலைகளில் மாட்டுவண்டியும் சைக்கிளும் முட்டிக்கொண்டு நிற்க, யாரோ ஒருவருக்குத் தோன்றியது: கரி இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, பழைய நீராவி எஞ்சினின் வரைபடம் எங்காவது இருக்கும். செய்துவிட்டார்கள். சுரங்கத்துக்குள் ஆவியை வெளியே விடாமல், எஞ்சினின் இரண்டு பக்கமும் வைத்த நீர்த்தொட்டிகளுக்குள் திருப்பி அடக்கினார்கள். புகையை அப்படி அடக்க முடியவில்லை. அது எங்காவது வெளியேறித்தான் ஆகவேண்டும்.

காற்றுக்காக முன்பு வைத்திருந்த குழிகள்தான் அதற்கு வழியாயின. விசிறிகளைக் கழற்றிவிட்டு மேலே இரும்புத் தகட்டுக் கதவு போட்டார்கள். அவற்றுக்குக் கூண்டு என்று பெயர் வந்தது. ஒவ்வொரு கூண்டும் ஒரு தெருவில் திறந்தது. தெருக்கள் சும்மா இருக்கவில்லை. கல்லெறிந்தார்கள், எஞ்சின்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள். பட்டாளத்திலும் ஓட்டேரியிலும், எங்களுக்கு ரயிலே வேண்டாம் என்று நிலையங்களின் வாசலையும் படியையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கடைசியில் சுரங்க வாரியம் இறங்கி வந்தது. கூண்டுக் கதவு தெருவின் பொறுப்பு. விசேஷம் என்றால் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளலாம். புகை அடுத்த கூண்டு வழியாகப் போய்க்கொள்ளும்.

அடுத்த கூண்டு திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. டெலிபோன் கிடையாது. ஆள் அனுப்பிக் கேட்கலாம். ஆனால் கேட்பது என்றால், எங்கள் புகையை உங்கள் பக்கம் தள்ளப்போகிறோம் என்று சொல்வதுதானே. எந்தத் தெருவும் அப்படி ஆள் அனுப்பியதில்லை.

பட்டாளம் வந்தது. அதுவும் மூடியிருந்தது.

சவரிராயன் இம்முறை திட்டவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சுரங்கம் கூரையிலிருந்து பாதி உயரத்துக்குப் புகையால் நிரம்பியிருந்தது. பின்னால் பெட்டிகளில் இருமல் தொடங்கிவிட்டது. இன்று பெட்டிகள் நிறையக் கூட்டம். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, துணியில் சுற்றிய பித்தளைக் குடம். எல்லாரும் எங்கோ விசேஷத்துக்குப் போகிறவர்கள்.

“இன்னிக்கி இன்னாய்யா நாளு?” என்றார் சவரிராயன்.

“முகூர்த்தம். ஆவணியில கடைசி.”

“அதுக்கு?”

“அப்பறம் பொரட்டாசி வந்துடும். ஒரு மாசம் கல்யாணம் கெடையாது. அதான் இன்னிக்கே தெருவுக்குத் தெரு வச்சிகீறாங்க.”

சவரிராயன் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “அப்போ ஒவ்வொரு தெருக்காரனும், நான் ஒருத்தன் மூடினா இன்னா ஆயிடப்போவுதுன்னு மூடிகீறான். உங்க சாமிங்க நல்ல நாள எல்லாருக்கும் ஒரே நாளாவா பாத்துக் குடுக்கும்?”

“உங்க சர்ச்சுலயும்தான் தவக்காலத்துக்கு முன்னாடி அடிச்சிக்கினு பண்றீங்க. ரோட்ட பாத்து ஓட்டு.”

“ஓட்டேரி தொறந்திருக்கும் இல்ல? உங்க தெரு. கூண்டுக்காரன் உன் மச்சான்தான?”

வேதகிரி கரிவாரியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார். தீயறைக்குள் நெருப்பு சிவப்பிலிருந்து மங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லாமல் அதற்கும் மூச்சு முட்டியது.

“யோவ். ஒன்னத்தான் கேக்கறேன்.”

“தொறந்திருக்காது.”

“ஏன்?”

“என் பொண்ணு கல்யாணம்.”

“எப்போ?”

“இப்போ.”

சவரிராயன் விளக்கை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“பொண்ணு கல்யாணத்தன்னிக்கி வேலைக்கு வந்துகீற,” என்றார் சவரிராயன்.

“லீவு போட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவோம்னு வாரியத்துல ஒட்டினது நீ படிக்கலயா? படிச்சிக் காட்டினதே நீதான். வாரியத்து வேலைன்னு சொல்லித்தான் மாப்ள வீட்ல ஒத்துக்கினாங்க. வேல போனா மாப்ளயும் இல்ல, கல்யாணமும் இல்ல. தார வாக்க எங்க அண்ணன ஒக்காரவச்சிட்டு வந்தேன். வில்லிவாக்கத்துல டூட்டி முடிஞ்சி எறங்கி ஓடினா சாப்பாட்டுப் பந்திக்காவது போயிடலாம்னு பாத்தேன்.”

“கூண்ட மூடச் சொன்னது?”

“நான்தான். பட்டாளம் தொறந்திருக்குமேன்னு நெனச்சேன்.”

சவரிராயன் காறித் துப்பினார். துப்பியது கறுப்பாக இருந்தது.

ஓட்டேரிக் கூண்டுக்கு நேர்கீழே வந்தபோது எஞ்சினே நின்றுவிடும் நிலைக்கு வந்திருந்தது. சவரிராயன் புகைபோக்கி குழியின் நடுவில் வரும்படி நிறுத்தினார். அடுத்தது அயனாவரம். அங்கே நிலையம் உண்டு, படி உண்டு. ஆனால் அதுவரை போக ஆவி போதாது. பின்னால் சூளைக்குப் போகலாம் என்றால், வந்த வழி முழுக்க அவர்கள் விட்டுவந்த புகை. இருட்டில் அத்தனை பேரை நடத்திக் கூட்டிப்போனால் பாதி வழியில் விழுவார்கள்.

பெட்டிகளில் சத்தம் ஏறியது. ஜன்னல்களை அறைந்தார்கள். ஒரு பெண்ணின் குரல் மற்றவற்றைத் தாண்டிக் கேட்டது. “டேய் புகைக்காரா! கொள்ளியில போறவனே! எங்களக் கொல்லவா டிக்கெட்டு குடுத்த? வண்டிய எடுடா!”

“கூண்ட ஊதிடறேன்,” என்றார் சவரிராயன்.

மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைதான் அது. குழியின் சுவரில் கரி அப்பிக்கொள்ளும்; அதைத் தள்ள எஞ்சினைக் கீழே நிறுத்தி, கொதிகலனில் இருக்கும் ஆவி முழுவதையும் ஒரே மூச்சில் மேலே திறந்துவிடுவார்கள். அதற்குமுன் கூண்டுக் கதவைத் திறந்து, தெருவில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள். வெந்நீரும் நெருப்புத் துண்டும் கல்லும் பனைமர உயரத்துக்குப் போகும். கதவு மூடியிருந்தால் கதவும் போகும்.

அவர் கை நெம்புகோலுக்குப் போவதற்குள் வேதகிரி நடுவில் வந்து நின்றார்.

“வேணாம்.”

“தள்ளு.”

“மேல மணமேட கீது.”

“எங்க?”

“கூண்டு மேலதான். தெரு பூரா சாக்கட. அது ஒண்ணுதான் மேடா, சதுரமா, சிமெண்ட் போட்டு சுத்தமா கீற எடம். கதவ மூடி, மணல்மூட்ட அடுக்கி, பலகை போட்டு, அதுமேல மேட. நான்தான் எடத்தக் காட்டினேன். அங்கதான் ஒக்காந்துகீறா என் குமுதா.”

சவரிராயன் அவரை நம்பாமல் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார். இரும்புக்கும் மணலுக்கும் பலகைக்கும் அப்பால், வெகு தொலைவில் இருப்பதுபோல, நாதஸ்வரம் கேட்டது.

“பைத்தியக்காரா,” என்றார் மெல்ல.

குழியின் ஓரமாக மழைநீர்க் குழாய் ஒன்று மேலேயிருந்து இறங்கியது. ஏறுவதற்கு இருந்த இரும்புப் படிகளைத் திருட்டுப் பயத்தில் தெருக்காரர்கள் எப்போதோ அறுத்துவிட்டார்கள். வேதகிரி எஞ்சினின் மேல் ஏறிக் குழாயைக் கரிவாரியால் அடித்தார். கூப்பிட்டார். மச்சான் பெயரைச் சொல்லிக் கத்தினார், மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். குரல் புகையில் கரைந்தது. இரும்புச் சத்தம் மட்டும் குழாய் வழியாக ஏறியது. விடாமல் அடித்தார்.

திடீரென்று மேலே தவில் வெடித்தது. ஒன்றல்ல, எல்லாத் தவிலும். நாதஸ்வரம் அதன் மேலேறிப் பிளிறியது. தாளம் இல்லை, ராகம் இல்லை, வேறெதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகவே எழுப்பும் அந்தச் சத்தம்.

வேதகிரியின் கை நின்றது. கரிவாரியைக் கீழே வைத்தார்.

“கெட்டிமேளம்,” என்றார். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் நனைந்திருந்தன. “தாலி ஏறிடுச்சி.”

இரண்டு கைகளையும் தூக்கி, தலைக்கு மேலே இருந்த இருட்டைக் கும்பிட்டார். கையில் அட்சதை இல்லை. கரித்தூள் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம் டிரைவரே. தாலி கட்டினா நெருப்ப மூணு சுத்து சுத்தணும். அம்மி மிதிக்கணும். அருந்ததி பாக்கணும். அப்பறம் பெரியவங்க கால்ல வுழுந்துட்டு மேடய விட்டு எறங்கிடுவாங்க. எறங்கினதும் ஊது. நானே இழுக்கறேன்.”

“அதுவரைக்கும் இவங்க?”

“கொஞ்ச நேரம்தான்.”

“பிரஷர் எறங்கிக்கினே போவுது. நேரம் போனா ஊதறதுக்கும் ஒண்ணும் இருக்காது. பெட்டியில கொழந்தைங்க கீது, யோவ்!”

“எங்கொழந்த மேல கீது!”

சவரிராயனின் கை நெம்புகோலின் மேல் இருந்தது. வேதகிரியின் கை அந்தக் கையின் மேல் இருந்தது. வேதகிரி பலசாலி. ஆனால் பலத்தால் மட்டும் அந்தக் கை நிற்கவில்லை. இழுக்க வேண்டும் என்று சவரிராயன் உண்மையில் முடிவு செய்திருந்தால் இழுத்திருப்பார். அதை இரக்கம் என்றும் சொல்ல முடியாது. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் வெந்துபோனால், ஆவியைத் திறந்துவிட்ட கை யாருடையது என்று கேட்பார்கள். கீழே இருப்பவர்கள் மூச்சடைத்துச் செத்தால், புகை என்பார்கள், கூண்டு என்பார்கள், தெரு என்பார்கள், யார் கையும் அதில் இருக்காது. அவர் இதையெல்லாம் யோசித்தாரா என்று தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

“சொல்லு,” என்றார். “எப்போன்னு நீயே சொல்லு.”

வேதகிரி கண்ணை மூடிக்கொண்டார். மேலே மேளம் அடங்கிவிட்டிருந்தது. ஏதோ ஆட்கள் நடமாடும் அதிர்வு மட்டும் வந்தது. அவர் மனத்துக்குள் மகளை நடத்தினார். முதல் சுற்று. குமுதா கட்டியிருப்பது கனமான புடவை. வேகமாக நடக்க வராது. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. கல்லில் கால் வைக்கிறாள், மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறான். பகல் வெளிச்சத்தில் இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஆகக்கூடிய நேரத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார். அவசரப்பட்டு ஒரு சுற்றை விட்டுவிட்டால் என்னாவது என்று சேர்த்துக் கொடுத்தார். விழுந்து கும்பிட வேண்டிய பெரியவர்களை ஒருவர்விடாமல் நினைவுபடுத்திக்கொண்டார்.

திட்டிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் நின்றது. கடைசிப் பெட்டியில் ஜன்னலை அறையும் சத்தம் தளர்ந்து, விட்டுவிட்டு வந்து, பிறகு வரவில்லை. சவரிராயன் எஞ்சினின் தரையில் முகத்தை வைத்துப் படுத்துவிட்டார். அங்கேதான் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது. படுத்தபடியே வேதகிரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போ,” என்றார் வேதகிரி.

சவரிராயன் எழுந்து இழுத்தார்.

சுரங்கம் முழுவதும் ஒரு தொண்டையாகிக் கத்தியது. மேலே இரும்பு கிழிந்தது, பலகைகள் முறிந்தன, மணல் கொட்டியது. பிறகு சதுரமாக வெயில் விழுந்தது. புகை ஒரு கணம் தயங்கிவிட்டு, பழகிய வழியைக் கண்டுகொண்டதுபோல மேலேறியது. பெட்டிகளின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று ஊர்ந்துவந்து கால்களைத் தொட்டது.

தெருக்காரர்கள் பந்தல் கட்ட வந்தவர்களின் ஏணிகளை ஒன்றோடொன்று கட்டி இறக்கினார்கள். இறக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இறக்கினார்கள். ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். முடியாதவர்களை இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து சிலரை அப்படித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் கயிற்றில் தலை தொங்கப் போனார்கள். மேலே எடுத்து, சாப்பாட்டுப் பந்திக்கு விரித்திருந்த பாயில் வரிசையாகக் கிடத்தினார்கள். “அதுல போடாதய்யா, அது வெல குடுத்து வாங்கின பாயி,” என்று யாரோ சொன்னார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் கை விரல்கள் பித்தளைக் குடத்தின் கழுத்தை இன்னும் பிடித்திருந்தன.

வேதகிரி கடைசியாக ஏறி வந்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. முதலில் பார்த்தது மேடையை. அது இல்லை. பலகைகள் தெரு முழுவதும் சிதறிக் கிடந்தன. வாழைமரம் கறுத்துச் சாய்ந்திருந்தது. தெருவில் நின்றவர்களைத் தேடிப் பார்த்தார். யாருக்கும் காயம் இல்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார். யாருக்கும் காயம் இல்லை. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டார் வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பே.

“எங்க போறாங்க?” என்றார்.

மச்சான் தயாளன் பக்கத்தில் வந்து நின்றான். கூண்டுக்காரன். வேதகிரியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“கல்யாணம் நின்னுபோச்சி மச்சான்.”

“தாலி ஏறினப்பறம் இன்னாடா நிக்கறது?”

“எங்க ஏறிச்சி?”

“கெட்டிமேளம் கேட்டுச்சே. நான் கேட்டேனே.”

“அது தாலிக்கு இல்ல. கீழருந்து யாரோ இரும்புல அடிக்கற மாதிரி சத்தம் வந்துச்சி. நல்ல நேரத்துல அந்தச் சத்தம் காதுல வுழக்கூடாதுன்னு மாப்ளயோட பெரியப்பா வெரல ஆட்டி கெட்டிமேளம், கெட்டிமேளம்னாரு. அடிச்சானுங்க. அப்பவே ஒம் பொண்ணு எந்திரிச்சிட்டா. கீழ ஆளுங்க கீறாங்க, கதவத் தொறங்கன்னு ஒரே கூச்சல். மாலய கழட்டிப் போட்டுட்டு மேடய விட்டு எறங்கிட்டா. மாப்ள தாலிய கையில வச்சிக்கினு அப்டியே நின்னான். அவனும் எறங்கிட்டான்.”

“எப்போ எறங்கினாங்க?”

“மேளம் அடங்கறதுக்குள்ளயே.”

“அப்போ மேட…”

“சும்மாதான் கெடந்துச்சி. அவ மணல்மூட்டய தள்ளப் போனா. மேடய பிரிச்சா பொண்ணே வேணாம்னு அவங்க சைடு மறிச்சிக்கினாங்க. நம்ம ஆளுங்க அவள புடிச்சிக்கினாங்க. நானும்தான் புடிச்சேன். எல்லாரையும் தெருமொனைக்கு இட்டுக்கினு போயி பேசித் தீத்துடலாம்னு பாத்தோம். வார்த்த தடிச்சிப் போச்சி. அப்பறம் நீங்க ஊதிட்டீங்க.”

சவரிராயன் கொஞ்சம் தள்ளி, கைகழுவ வைத்திருந்த அண்டாவுக்கு அருகில் குனிந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

குமுதா பாய்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. புடவையில் கரி. மணிக்கட்டுகளில் யாரோ அழுத்திப் பிடித்த தடம் சிவந்திருந்தது. அப்பாவைத் தொட்டு, உயிரோடுதான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டாள். அழவில்லை. அழுகையைவிடப் பெரிதாக ஒரு கேள்வி அவளிடம் இருந்தது.

“கடைசிப் பொட்டியில கீறவங்க இப்பத்தான் போயிருக்காங்கன்னு சொல்றாங்க நைனா. ஒடம்பு இன்னும் சூடா கீது.”

அவர் தலையை ஆட்டினார்.

“நாங்க மேல சண்ட போட்டுக்கினு இருந்தோம். அது எங்க தப்பு. மேட காலியாத்தான் இருந்துச்சி. முன்னாடியே ஊதியிருக்கலாமே, நீங்க கீழ இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

அண்டாவுக்கு அருகே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. சவரிராயன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல், குனிந்தபடியே இருந்தார்.